கொச்சிக் கப்பலில் ஓர் இடம்

தூத்துக்குடியில் உமையாள் என்றொரு ஆசிரியை இருந்தார். வாடகை வீட்டின் முன்னறையில் மாலைதோறும் தியானம் சொல்லிக்கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால், சில நேரம் பதில் சொல்லாமல் எழுந்துபோய் வாசலைப் பெருக்குவார்.

அவரிடம் முதன்முதலில் வந்து உட்கார்ந்த சீடர் மாசிலாமணி. கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த வருஷத்தில் தூக்கம் வராமல் வந்தார். தூக்கம் வந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. உமையாளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் சீடர் ஆசிரியையை அம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆசிரியை சீடரை அண்ணாச்சி என்பார்.

மொரீஷியஸில் உமையாளின் அண்ணன் சிவநேசன் இருந்தார். தமிழ் வாத்தியாராகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவர் மனைவி காலமானதும், தங்கை இனி அண்ணனோடு இருப்பது என்று முடிவாயிற்று. திரும்பி வருகிற பயணமில்லை. கட்டில், ஆட்டுரல், புத்தக அலமாரி என்று வீடே கப்பலேற வேண்டியிருந்தது.

"என்கிட்ட விடுங்கம்மா," என்றார் மாசிலாமணி.

சாமான் கப்பல் ஏறிய பிறகுதான் ஆள் விமானம் ஏறவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இல்லாவிட்டால் சாமான் ஒரு கரையிலும் ஆள் ஒரு கரையிலுமாக நிற்க வேண்டிவரும், நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றார். உமையாள் ஒத்துக்கொண்டார்.

மாசிலாமணி பழைய போர்வைகளைக் கொண்டுவந்து ஆட்டுரலைக் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றினார். முன்னறை முழுக்க அட்டைப் பெட்டிகள் நிறைந்தன. மற்ற சீடர்கள் பெட்டிகளுக்கு நடுவே இடம் பிடித்துக் கண்ணை மூடினார்கள்.

கப்பல்தான் கிடைக்கவில்லை.

கொழும்புத் துறைமுகத்தில் நெரிசல் என்றார்கள். பிறகு, கப்பல்கள் தூரத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதால் காலிக் கண்டெய்னருக்கே பஞ்சம் என்றார்கள். ஒரு தடவை இடம் உறுதியாகி, லாரிக்குச் சொல்லியும் வைத்தாயிற்று. பெரிய கம்பெனிச் சரக்கு வந்ததும் இந்தச் சின்னச் சரக்கை ஒதுக்கிவிட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் மாசிலாமணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சொல்வார். உமையாள் கேட்டுக்கொண்டு, "சரி அண்ணாச்சி," என்பார். பெட்டியிலிருந்து காப்பி ஃபில்டரை வெளியே எடுப்பார். காப்பி குடித்த பிறகு மாசிலாமணி அதைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைப்பார்.

திரும்பிப் போகும்போது அவர் கால்கள் வேகமாக நடந்தன. ஒருநாள் இனிப்புக் கடையில் நின்று மக்ரூன்கூட வாங்கினார். வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான், எதற்காக வாங்கினோம் என்று யோசித்தார். கப்பல் தள்ளிப்போனதற்காக. அந்த மக்ரூனை அவரால் தின்ன முடியவில்லை.

அடுத்த வாரம் பழைய அலுவலகத்து நண்பர் ராயப்பன் போன் செய்தார். கொச்சியிலிருந்து போகிற கப்பலில் ஓர் இடம் இருக்கிறது, லாரியில் அனுப்பினால் ஏற்றிவிடலாம், உடனே சொல்லவேண்டும் என்றார்.

மாசிலாமணி போனை மறுகாதுக்கு மாற்றினார். பிறகு, "அம்மாவுக்கு இப்ப தோதுப்படாது," என்றார்.

அன்று மாலை உமையாளிடம், இன்னும் வழி பிறக்கவில்லை என்று சொன்னார். உமையாள் அவரை ஒரு கணம் பார்த்தார். "சரி அண்ணாச்சி," என்று ஃபில்டரை எடுக்கப் போனார்.

அதன் பிறகு மாசிலாமணிக்குத் தியானம் கூடவில்லை. கண்ணை மூடினால் கொச்சியில் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, அவர் ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மொரீஷியஸிலிருந்து போன் வந்தது. பேசியது அண்ணன் அல்ல, பக்கத்து வீட்டுப் பெண். சிவநேசன் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் வெகுநேரம் கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. தங்கைக்குச் சொல்லவேண்டாம் என்றாராம். மனசு கேட்காமல் அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

உமையாள் போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார்.

மாசிலாமணி கயிற்றைக் கீழே போட்டார். கொச்சிக் கப்பலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்.

"இத்தனை வருஷம் உங்க முன்னால உக்காந்தும் எனக்குப் பற்று விடலையேம்மா. நான் என்ன செய்ய?"

உமையாள் ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். நாலு புடவை, அண்ணனுக்கு வலிக்குத் தேய்க்கிற தைலம், ஃபில்டர். ஒரு துணிப்பைக்குள் அவ்வளவும் அடங்கின.

"நாளைக்கு விமானத்துல இடம் இருக்கான்னு பாருங்க," என்றார்.

"சாமான்?"

"அது இங்கயே இருக்கட்டும். கட்டி வச்ச பாய்களை வெளிய எடுத்துப் போடுங்க. சாயங்காலம் எல்லாரும் வருவாங்கள்ல. நான் போன பிறகும் வருவாங்க. நீங்க முன்னால உக்காருங்க."

மாசிலாமணி பாய்களை எடுத்துப் போட்டார்.

மறுநாள் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அவரே கூட்டிப்போனார். உள்ளே போகும் வாசலில் துணிப்பையை நீட்டினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. கப்பல் இல்லைன்னு நான் வந்து சொன்னப்பல்லாம், ஏன்னு ஒரு தடவைகூட நீங்க கேக்கலை. கொச்சிக் கப்பலை நான் மறைச்ச அன்னைக்கும் கேக்கலை. என்னை அவ்வளவு நம்புனீங்களா?"

உமையாள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். மாசிலாமணியின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கயிற்று நாரைத் தட்டிவிட்டார்.

"நம்பாம என்ன அண்ணாச்சி. ஆனா கேக்காததுக்கு அது காரணமில்ல. நான் கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிருவீங்க. அப்புறம் நான் கிளம்ப வேண்டி வந்திருக்குமே."