தெரியாது என்று சொல்லப் போனவர்

வடக்கு மலையில் பனி சரிந்து, ஒரு காவல்முகாமுக்குப் போகும் வழி அடைபட்டது. அங்கிருந்த வீரர்களோடு வயர்லெஸ் தொடர்பும் அறுந்துபோயிற்று. செய்தி தெற்கே ராணுவக் குடியிருப்புக்கு வந்ததும் அந்த வீரர்களின் மனைவிமார் எல்லாரும் மன்றத்தில் கூடிவிட்டார்கள்.

அந்தப் படைப்பிரிவில் சமய ஆசிரியர்கள் இருவர். பாதிரியார் இன்னாசிமுத்து நெடுநாள் பட்டாளத்தில் இருந்தவர். பண்டிதர் கோதண்டராமன் பாடசாலையில் வேதம் படித்துவிட்டு அண்மையில் வந்து சேர்ந்தவர். கோயில் பூஜையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீரர்களின் குடும்பங்களைத் தேற்றும் வேலையை மட்டும் பாதிரியாரிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

மன்றத்தில் யாரும் உட்காரவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஹவில்தார் மாசானத்தின் மனைவி முத்துமாரி, கோதண்டராமன் முன்னால் வந்து நின்றாள்.

“சாமி, அவுக உசுரோட இருக்காகளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

கோதண்டராமனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஒண்ணும் ஆகாதும்மா. எல்லாரும் பத்திரமா வந்துடுவா. பெருமாள் கைவிட மாட்டார்.”

மன்றம் அடங்கியது. பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். இன்னாசிமுத்து விளக்கை அணைத்து மன்றத்தைப் பூட்டினார்.

மறுநாள் காலைப் பூஜையில் கோதண்டராமனுக்கு மந்திரம் தடுக்கியது. மணியடிக்க மறந்தார். கோயிலிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தார். செய்தி இல்லை. திரும்ப வந்தார். மறுபடி போனார். கடைசியில் பாதிரியார் அறையில் வந்து நின்றார்.

“பாதர், நேத்து நான் சொன்னது சரிதானே? அவா எல்லாரும் அமைதியாயிட்டா.”

“நீங்க?”

“எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறது.”

“எல்லாரும் வந்துடுவாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை.”

இன்னாசிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, முத்துமாரி வீட்டுக்குப் போவோம்.”

“போய்?”

“யாரும் சொல்லலைன்னு சொல்லுங்க.”

“உடைஞ்சு போயிடுவா, பாதர்!”

பாதிரியார் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

முத்துமாரி கையில் ஈரத்துணியோடு கதவைத் திறந்தாள். இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“செய்தி ஒண்ணும் வரலம்மா,” என்று இன்னாசிமுத்து முந்திக்கொண்டார். “சாமி உன்கிட்ட ஏதோ சொல்லணும்னு வந்திருக்கார்.”

கோதண்டராமன் ஓரடி முன்னால் வந்தார்.

“நேத்து எல்லாரும் வந்துடுவான்னு சொன்னேனே... எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ பட்ட பாட்டைப் பாக்க முடியாம சொல்லிட்டேன்.”

திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று நினைத்தார். அவள் துணியைத் தரையில் வீசினாள்.

“எனக்குந்தான் சாமி தெரியாது! நீங்க சொன்னதுக்கப்புறம், பயமா இருக்குன்னு ஒருத்திகிட்ட வாயத் திறக்க முடியல. சாமியே சொல்லிட்டாரு, ஒனக்கு நம்பிக்கை இல்லையாங்காளுக. ராத்திரி பூரா சுவத்தப் பாத்துக்கிட்டே கெடந்தேன்.”

பிறகு உள்ளே போய் உட்கார்ந்து அழுதாள்; இருவரும் பின்னாலேயே போய் உட்கார்ந்தார்கள். கடைசியாகப் போனில் பேசியபோது, சிலிண்டர் தீர்ந்துபோனதற்காகக் கணவனிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னாள். எழுந்து நடந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கோதண்டராமனும் எழுந்தார், உட்கார்ந்தார். ஒரு சுலோகமும் அவர் நினைவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தங்களுக்கும் பயமாக இருக்கிறது என்றார்கள். அன்று அந்த வீட்டில் யாரும் யாரையும் தேற்றவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

அதற்கு அடுத்த நாளும் கோதண்டராமன் அங்கே போனார். இந்த முறை தனியாகவே போனார்.

வாரக் கடைசியில் வழி திறந்தது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். மாசானத்துக்குக் கால்விரல்கள் சில பனியில் கருகிவிட்டன; ஆனாலும் போனில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. முத்துமாரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

கோதண்டராமன் மூச்சு வாங்கப் பாதிரியாரிடம் ஓடினார்.

“பாதர், நான் சொன்னது பலிச்சுடுத்து! அன்னைக்கே அதோட விட்டிருக்கலாம். எதுக்கு என்னை அவ வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேள்?”

இன்னாசிமுத்து அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“நீங்க சொன்னாலும் சொல்லாட்டாலும் அவங்க வந்திருப்பாங்க, சாமி. அதோட விட்டிருந்தா, நீங்கதான் அந்த வீட்டுக்குப் போயிருக்க மாட்டீங்க.”