எந்தப் பக்கம் சாணை

உப்புத் தண்ணீர் வாளிக்குள் கைவிட்டு மூன்றாவது கத்தியை வெளியே எடுத்தார் வெள்ளியங்கிரி. அதன் முதுகில் மிளகளவு ஒரு துருப்புள்ளி. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. பேனா மூடியைப் பல்லால் கழற்றி நோட்டில் எழுதினார்: பேரிங் எஃகு, ஆறு நாள், ஒரு புள்ளி.

"ஒரு புள்ளிதானுங்களே," என்றாள் மரகதம், உலையிலிருந்து திரும்பாமலே. "போன வாரம் ரெண்டு இருந்துச்சு. திருந்தி வருதுங்க."

"அங்க வருசத்துல ஏழெட்டு மாசம் மழை, குருவே."

"அப்ப ஸ்டெயின்லெஸ்ஸையே அனுப்பிருங்க."

"மழுங்குனா ஆத்துக்கல்லுல தீட்ட முடியாது."

"லாரி ஸ்பிரிங் பட்டை?"

"முறியாது. ஆனா நாலு நாள்ல மொன்னையாயிரும்."

மரகதம் உலையில் கரியைத் தள்ளினாள். பதினான்கு மாதமாக இந்தப் பட்டறையில் இதே பாட்டுதான். ராகம்கூட மாறவில்லை.

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஏறும் சாலையில், முதல் வளைவுக்கு முன்னால் இருந்தது அவளுடைய பட்டறை. தேனெடுக்கப் போகிறவர்கள், வனக்காவலர்கள், இப்போது கொஞ்ச நாளாக முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேற வரும் ஐ.டி. பிள்ளைகள், எல்லோருக்கும் காட்டுக்கத்தி அடித்துத் தருகிறாள். வயது முப்பத்தொன்பது. வெள்ளியங்கிரி அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்புக்குச் சூடேற்றிப் பதம் பார்க்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முத்திரை விழாமல் ஒரு துண்டு இரும்பு கேட்டைத் தாண்டியதில்லை.

முதல்நாள் வந்தபோது பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கி அவள் தோய்ச்சல் போடும் முறையில் நாலு பிழை கண்டுபிடித்துச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு இடுக்கியை அவர் கையில் கொடுத்தாள். மீட்டரில் எண் பார்த்தே பழகிய மனிதருக்கு உலையில் நிறம் பார்க்கத் தெரியவில்லை. அன்று அவர் தோய்த்த கத்தி தண்ணீருக்குள்ளேயே விரிசல் விட்டுப் போனது. "சரிங்க குருவே," என்றார், கேலியாகத்தான். ஒரு மாதத்தில் கேலி உதிர்ந்துவிட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

குருவும் சும்மா இருக்கவில்லை. துருப் பிடிக்காத எஃகு எது என்று அவர் கேட்டால் எண்ணெய்த் துணியை எடுத்து நீட்டுவாள். மழுங்காத எஃகு எது என்றால் சாணைக்கல்லைக் காட்டுவாள். முறியவே முறியாத எஃகு எது என்று கேட்ட நாளில் மட்டும் எதையும் காட்டவில்லை. டீ குடிக்கப் போய்விட்டாள்.

கத்தி அவருக்கு இல்லை. மகனுக்கு.

குமணன் அருணாச்சலப் பிரதேசத்துக் காட்டில் இருக்கிறான். இருவாச்சிப் பறவைகளின் கூடுகளை எண்ணுவது அவன் வேலை. அதே தொழிற்சாலையில் அவனுக்கு ஒரு நாற்காலி பேசி வைத்திருந்தார் வெள்ளியங்கிரி. அவன் வேண்டாமென்று கிளம்பினான். பறவைக் கூட்டை எண்ணுவதற்கா இஞ்சினீயரிங் படிக்க வைத்தேன் என்று கேட்டார். அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னார். அதை அவர் பிறகு தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. ஐந்து வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அம்மாவைக் கூப்பிடுவான். மயிலாத்தாள் சமையலறையில் நின்று பேசுவாள். அவர் அடுத்த அறையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் விட்டுதா சாமி. ஆரு சமைக்கறா. அரிசி அங்க கெடைக்குமா. அவள் பக்கத்துப் பேச்சை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தை அவரே எழுதிக்கொள்வார்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாத்தாள் போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள். "காட்டுக்கு ஒரு கத்தி வேணுமாமா. அப்பாவப் பாத்து எடுத்துத் தரச் சொல்லுன்னான்."

அப்படியே சொன்னானா என்று கேட்டார். அப்படியேதான் என்றாள். அப்பாவை என்று சொன்னானா, வேறு மாதிரிச் சொன்னானா? வேற எப்படிச் சொல்லுவான் என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

அந்த வாரமே பட்டறையைத் தேடி வந்துவிட்டார். கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ், லாரி ஸ்பிரிங் பட்டை, பேரிங் எஃகு, டூல் ஸ்டீல் என்று ஐந்தும் வாங்கிக் குவித்தார். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு கத்தி அடித்தார்கள், ஒன்று சோதிப்பதற்கு, ஒன்று அனுப்புவதற்கு. சோதிக்க வேண்டியதையெல்லாம் உப்பில் ஊறப் போட்டார், கல்லில் மோதினார், மூங்கிலைப் பிளந்தார், ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்துச் சம்மட்டியால் அடித்தார். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றில் ஜெயித்து ஏதோ ஒன்றில் தோற்றது. அனுப்ப வேண்டிய ஐந்தும் சாணை பிடிக்காமல், பிடி போடாமல், சாக்கில் சுருட்டிக் கிடந்தன.

அவன் மறுபடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாத்தாள் கத்தி என்ற சொல்லைச் சொல்கிறாளா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். சொல்லவில்லை.

போன ஞாயிறு வேறு ஒன்று சொன்னாள். அவன் இந்த வாரமே உள்காட்டு முகாமுக்குப் போகிறான். சித்திரை வரைக்கும் போன் கிடையாது, தபால் கிடையாது. நாளை கூரியரில் போட்டால்தான், தீபாவளி கழிந்து கடைசியாக அங்கே அரிசி கொண்டுபோகும் ஆட்களோடு கத்தி அவன் கைக்குப் போய்ச் சேரும்.

வெள்ளியங்கிரி வாளியைத் தள்ளி வைத்துவிட்டுச் சாக்கைப் பிரித்தார். ஐந்து கத்திகளையும் வரிசையாகப் பரப்பினார். இன்றைக்கு முடிவு செய்துவிடுவதாகச் சொல்லி நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். மழை, குளிர், ஈரமான மரம், பாறை, தீப்பொறி கிளப்பும் சக்தி, தீட்டுவதற்கு ஆகும் நேரம். அரைமணி நேரம் ஆயிற்று. மரகதம் ஊதுலை மோட்டாரை அணைத்துவிட்டு, இந்த ஒரு தடவை கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

பிறகு சாக்பீஸை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் சாணை?"

அந்தப் பட்டறைக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. வலக்கைக்காரனுக்கு வலப்பக்கம் சரிவு, இடப்பக்கம் தட்டை. இடக்கைக்காரனுக்கு மாற்றி. மரத்துக்குள் நேராக இறங்கும், சீவினால் காகிதமாக வரும். ஆனால் கை மாறினால் கத்தி நினைத்த இடத்தை விட்டு விலகும். விலகிய கத்தி முழங்காலைத்தான் தேடிப் போகும். மலைக்குப் போகிற எவனையும் அவள் கேட்கும் முதல் கேள்வி இது. இவரிடம் கேட்கும் கட்டம் இப்போதுதான் வந்தது.

"வலது," என்றார்.

அவள் கார்பன் எஃகை எடுத்து வலப்பக்கத்தில் கோடு இழுக்கப் போனாள்.

"இருங்க," என்றார்.

இருந்தாள்.

வெள்ளியங்கிரி நோட்டை மூடினார். அவர் சொன்னது முன்னும் பின்னுமாக வந்தது. மகன் பிறவியில் இடக்கைக்காரன். ஐந்து வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் இடது கையால் சோற்றை அள்ளினான். பங்காளிகள் சிரித்தார்கள். அந்தக் கோடை முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் பழைய வேட்டியைக் கிழித்து அவன் இடது கையை இடுப்போடு கட்டினார். அழவில்லை அவன். நாலு நாள் கழித்து அந்தத் துணியை அவனே எடுத்துக்கொண்டு வந்தான்.

"'கட்டுங்கப்பா'ன்னான்," என்றார் வெள்ளியங்கிரி.

மரகதம் சாக்பீஸை விரல்களுக்கு இடையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வலது கை பழகிவிட்டது. கையெழுத்துகூட நன்றாக வந்தது. காலேஜில் படிக்கும்போது ஒருநாள் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாசலில் உட்கார்ந்து அவன் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தான், இடது கையால், அத்தனை லேசாக. நிமிர்ந்து பார்த்தான். கத்தி வலது கைக்கு மாறியது. துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன.

"என் முன்னால வலது," என்றார். "நான் இல்லாத எடத்துல எதுன்னு தெரியல."

"இப்ப அவரு இருக்கறது நீங்க இல்லாத எடந்தானுங்க."

வெள்ளியங்கிரி ஐந்து கத்திகளையும் பார்த்தார். ஒவ்வொன்றின் கடினமும் அரைப்புள்ளி பிசகாமல் அவருக்கு மனப்பாடம்.

இரண்டு பக்கமும் சாணை பிடித்துவிட்டால் என்ன என்று கேட்டார். எந்தக் கைக்கும் ஆகுமே.

"ஆகுமுங்க. கடையில அப்படித்தான் தொங்குது. அதை வாங்கி அனுப்ப ஒன்னேகால் வருசம் எதுக்குங்க, இன்ஸ்பெக்டர் சார்?"

 வீட்டில் மயிலாத்தாளைக் கேட்டால் சொல்லுவாள் என்றார். ஊட்டி வளர்த்தவள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"தெரியுமுங்க. ஆனா அவரு ஆரப் பாத்து எடுக்கச் சொன்னாரு?"

போனை எடுத்துக்கொண்டு வெள்ளியங்கிரி வெளியே புளியமரத்தடிக்குப் போனார். எண் இருந்தது. ஐந்து வருஷமாக இருக்கிறது. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நாலாவது முறை எடுத்தான். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அம்மாவுக்கு என்னாச்சுங்கப்பா?"

ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவன் மூச்சு இறங்குவது கேட்டது. அதற்குப் பிறகு தண்ணீர்தான் பேசிக்கொண்டிருந்தது.

"கத்திக்குச் சாணை வெக்கறாங்க," என்றார். "எந்தப் பக்கம்னு கேக்கறாங்க."

 லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

"எடதுங்கப்பா," என்றான் குமணன்.

"எடது. சரி."

"எப்பவுமே எடதுதான்."

"சரி சாமி."

அப்புறம் அவனாகவே கேட்டான். எந்த எஃகு எடுத்திருக்கீங்க? சிறுவயதில் அவர் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த துண்டுகளைத் தரையில் பரப்பி, இது என்ன, இது என்ன என்று கேட்ட அதே குரல், கொஞ்சம் கட்டையாகியிருந்தது. வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். பதினான்கு மாதத்து நோட்டு முழுக்க நாக்கு நுனியில் வந்து நின்றது. "அதுல பாரு," என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டிருந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். இந்திக்காரி ஒருத்தி ஏதோ சொன்னாள்.

உள்ளே வந்தபோது மரகதம் சாணைச் சக்கரத்தின் முன்னால் இருந்தாள். அவர் குரல் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு கத்தியின் இடப்பக்கம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. பொறி சிதறிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றார். கண் பொறியின் மேல்தான் இருந்தது. அவள் முடித்து, தண்ணீரில் நனைத்து, துடைத்து நீட்டினாள்.

"பொறியப் பாத்தே எஃகு பேரு சொல்லுவீங்களே சார். இது எது?"

வெள்ளியங்கிரி விழித்தார். கார்பன் என்றால் பொறி பூவாய் விரியும், ஸ்டெயின்லெஸ் என்றால் சிவப்பாய்க் குட்டையாய் விழும். முப்பத்தோரு வருஷம் பார்த்த கண். பார்த்துக்கொண்டேதான் நின்றார், ஒன்றும் பதியவில்லை. குனிந்து சாக்கைப் பார்த்தார். மீதி நாலையும் அவள் எங்கோ எடுத்து வைத்துவிட்டிருந்தாள்.

"பையன் கேட்டான், குருவே. எந்த எஃகுன்னு. சொல்றதுக்குள்ள லைன் போயிருச்சு."

"மறுபடி கூப்பிடுவாருங்களா?"

"நாளைக்கு உள்காட்டுக்குப் போயிருவான். சித்திரையில வெளிய வந்தாத்தான்."

"அப்ப, சித்திரை வரைக்கும் அதை அவரு கையிலயே வெச்சுப் பாக்கட்டும். என்ன எஃகுன்னு அவரு உங்களுக்குச் சொல்லட்டும்."

அவள் பிடிக்கு வாகைக்கட்டை அறுக்கப் போனாள். வெள்ளியங்கிரி, பிடிக்குள் இறங்கவேண்டிய கத்தியின் வாலில் துணியைச் சுற்றினார். மூங்கில் துண்டு ஒன்றை எடுத்து மணைமேல் நிறுத்தி, கத்தியை இடது கையில் பிடித்துச் சீவினார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. பிடியை மாற்றிப் பிடித்து, மறுபடியும் இடது கையாலேயே சீவினார்.