நீலனைக் கூப்பிட்ட குரல்

குருவிமலை மல்லப்ப ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. படையெடுப்பா? பஞ்சமா? அதெல்லாம் இல்லை. ஒரு பட்டாம்பூச்சி அவரை மதிக்கவில்லை!

நகத்தளவுதான் இருக்கும் அந்த நீலன். சிறகை மூடினால் சாம்பல், விரித்தால் ஆகாயம். மல்யுத்தத் திடலில் தோற்றுப்போய் மூச்சு வாங்கிய பயில்வான் தோளில் அது ஜம்மென்று போய் உட்கார்ந்தது. சந்தனமும் பன்னீரும் மணக்க வீற்றிருந்த ராஜாவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ‘சீ’ என்று போய்விட்டது.

“தோத்தவன் தோள் இனிக்குது, என் தோள் கசக்குதா?” என்று சபையில் கத்தினார் ராஜா.

இதற்குத்தான் காத்திருந்தார் பிரதானி திருவேங்கடத்தார். அரண்மனை விகடக்காரி பொம்மியைக் கண்டால் அவருக்கு ஆகாது. குயில், கழுதை, கோட்டைக் கதவு என்று எல்லாக் குரலும் அவள் தொண்டையில் இருக்கும். முக்கியமாகப் பிரதானியின் குரல் இருக்கும். அதுதான் வினை.

“பிரபோஓஓ,” என்று மூக்கால் இழுத்தார் அவர். “எல்லாக் குரலும் பேசுகிறவள் நீலனை அழைக்க மாட்டாளா, என்பது அடியேனின் தாழ்மையான அபிப்பிராயம்.”

“அதானே! ஏ பொம்மி, வலை கூடாது, தேன் கூடாது. உன் குரலாலேயே நீலன் என் மேல வந்து உட்காரணும். நாளைச் சாயங்காலத்துக்குள்ள! இல்லேன்னா உன் சொந்தக் குரலைத் தவிர வேற குரல் உன் வாயில வரக்கூடாது!”

சொந்தக் குரலா? அது எப்படி இருக்கும் என்பதே பொம்மிக்கு மறந்துபோயிருந்தது. அந்தக் குரலில் கூப்பிட்டால் பெற்ற தாயே “யாரும்மா நீ?” என்பாள்.

மறுநாள் காலை நந்தவனத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு நீலனைக் காது கொடுத்துக் கேட்டாள். சுத்த ஊமை! ஆனால் உட்கார்ந்ததும் பின்சிறகுகளை மெல்லத் தேய்த்தது. அங்கே கறுப்புப் பொட்டும் மெல்லிய வாலும் அசல் கண்ணும் மீசையும் போலவே ஆடின. ஓர் ஓணான் அதைத்தான் தலை என்று நினைத்துக் கவ்வியது. சிறகு நுனி மட்டும் ஓணான் வாயில். நீலனோ எதிர்ப்பக்கமாகப் பறந்துவிட்டது.

“அடியாத்தி, இதுக்கும் நம்ம தொழில்தானா!”

சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடினாள். அது பூக்களை விட்டது, குளத்தை விட்டது. நேரே குதிரை லாயத்துக்குப் போய், குதிரைகள் நனைத்து வைத்த மண்ணில் இறங்கியது. அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பொம்மி மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். இங்கே குதிரை மூத்திரம். அங்கே பயில்வான் வேர்வை. இரண்டிலும் என்ன இருக்கிறது?

உப்பு!

ஆனால் நாலு பேர் விசிறி வீசும் ராஜாவுக்கு வேர்ப்பது எப்படி?

உச்சி வெயிலில் ராஜாவையும் பிரதானியையும் நந்தவனத்துக்கு நடுவே நிறுத்தினாள். “கண்ணை மூடிக்கோங்க, கூப்பிடறேன்,” என்று புதருக்குப் பின்னால் போனாள்.

அடுத்த நொடி யானைப்பாகன் குரல் அலறியது. “ஐயோ சாமி, ஓடுங்க! கொம்பனுக்கு மதம் பிடிச்சிருச்சு!” கூடவே காதைக் கிழிக்கும் பிளிறல்.

கிரீடம் ஒரு பக்கம் உருண்டது, செருப்பு ஒரு பக்கம் பறந்தது. ராஜா ஓடினார். பிரதானி அவரையும் முந்திக்கொண்டு ஓடினார். இடப்பக்கம் போனால் அங்கே பிளிறல். வலப்பக்கம் திரும்பினால் அங்கேயும் பிளிறல்! சந்தனமெல்லாம் வேர்வையில் கரைந்து வழிய, இருவரும் நாவல் மரத்தடியில் பொத்தென்று விழுந்தார்கள்.

ஒரு நீலன் வந்தது. ராஜாவின் முழங்கையில் உட்கார்ந்தது. தோளில் இன்னொன்று. மூக்கு நுனியில் மற்றொன்று. ராஜா மூச்சுவிடக்கூட பயந்து, குழந்தை மாதிரி விழித்தார்.

பொம்மி வெளியே வந்து கும்பிட்டாள். “குரலாலேயே வரவழைச்சுட்டேன், மகாராஜா.”

“யானை எங்கடி?”

“அதுவும் இதுக்குள்ளதான்,” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“மோசடி! நீலன் குரலால் அழைக்கவில்லை பிரபோஓஓ!” என்று துள்ளினார் பிரதானி.

“எந்தக் குரல்னு மகாராஜா சொல்லலையே, பிரதானி அய்யா.”

“ஆமாய்யா, சொல்லலை!” என்று தலையாட்டிய ராஜாவின் கண் பிரதானியின் வேட்டியில் நிலைத்தது. முன்பக்கம் முழுக்க நீலமும் சாம்பலுமாக மொய்த்திருந்தது. “என் மேல மூணே மூணு. உம்ம வேட்டியில இத்தனை கூட்டமா! எப்படிய்யா?”

பிரதானி நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அவருக்காகப் பொம்மிதான் மூக்கால் இழுத்தாள்.

“குதிரை லாயத்து மண்ணில் எதற்காகக் கூடுகின்றனவோ, அதற்காகத்தான் பிரபோஓஓ, என்பது அடியேனின் தாழ்மையான அபிப்பிராயம்!”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் வீசினார். அந்தக் குலுக்கலில் அவர் மேல் இருந்த நீலன்கள் பறந்துபோயின.

பிரதானி மேல் இருந்தவை மட்டும் அசையவே இல்லை.