பெயர்க்கல்லை மூடியவள்

முதலில் குருவிக்காரன் என்றார்கள். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் அப்படித்தான் அழைத்தார்கள். அடுத்து நரிக்குறவன் என்றார்கள். பிறகு அந்தப் பெயரும் அதிகம் என்று பட்டதோ என்னவோ, "ஏய், ஊசி பாசி!" என்றார்கள். கடைசியில் காவல் நிலையத்தில் அதையும் விட்டுவிட்டு, "சந்தேகம்" என்று உட்கார வைத்தார்கள்.

மான்சிங் இதை வரிசை பிசகாமல் மேடைக்கு மேடை சொல்வார். வடக்கிலிருந்து நடந்து வந்த அவருடைய சனம் வீட்டுக்குள் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர் வாக்ரி. குடியிருப்பின் வாசலில் அந்தப் பெயரைக் கல்லில் வெட்ட வைப்பதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

சட்டத்தைத் துண்டறிக்கைகளில் படித்தார். மற்றதையெல்லாம் சோனாவிடம் கற்றார். அவள் அவரைவிட இளையவள். அவர்கள் குலத்தின் தெய்வத் துணிகளை முடிந்து வைத்த சாமி மூட்டையைக் காப்பவள்.

திறப்பு விழாவன்று அதிகாரி திரையை விலக்கி ஒலிபெருக்கியில் படித்தார்: "வாக்ரி நகர்."

ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். மணிமாலைகளோடு உட்கார்ந்திருந்த சொந்தச் சனம் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டது. ஒருத்தி முக்காட்டை இழுத்து முகத்தை மூடினாள்.

"வேற யாரையோ கூப்பிட்ட மாதிரி உட்கார்ந்திருக்காங்களே!" என்று டீக்கடைக்காரர் சிரித்தார்.

மான்சிங் சோனாவின் பக்கம் திரும்பினார்.

"சாமியம்மா, நம்ம பேரை நம்ம சனமே ஏத்துக்கலையே. நான் தோத்துட்டேனா?"

சோனா எழுந்து போய், தோளில் கிடந்த சிவப்புத் துணியால் கல்லை மறுபடி மூடினாள்.

அதிகாரி பதறினார். "என்னம்மா இது? அதான் திறந்தாச்சே!"

"நீங்க திறந்தீங்க, சார். கொஞ்சம் உட்காருங்க, டீ வரும்."

கூட்டம் சிரித்தது. மான்சிங் சிரிக்கவில்லை.

"ஜெயிலுக்குப் போய் வாங்கின கல்லு. ஏன் மூடுனே?"

"அண்ணே, சாமி மூட்டையை நாம எப்படித் திறப்போம்?"

"யாருதுன்னு கேட்போம். எல்லாரும் எங்களுதுன்னு சொன்ன பிறகுதான் முடிச்சை அவிழ்ப்போம்."

"கேக்காம ஒருத்தன் அவிழ்த்தா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. தலையைக் குனிஞ்சு..."

மான்சிங் பாதியில் நிறுத்தினார். குனிந்திருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சோனா சனத்தின் பக்கம் திரும்பித் தங்கள் மொழியில் கேட்டாள்.

"யாருது?"

முக்காடு போட்டவள்தான் முதலில் சொன்னாள். "எங்களுது." அப்புறம் அவள் புருஷன். அப்புறம் மொத்தச் சனமும். குழந்தைகள் போட்ட கூச்சலில் நாய்கள் குரைத்தன. டீக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

சோனா மான்சிங்கைப் பார்த்தாள்.

"இப்ப அவிழு, அண்ணே. மேடைக் குரல் வேண்டாம். வீட்டுல கூப்பிடுற மாதிரி வாசி. ஊரும் கேட்டுக்கட்டும்."

மான்சிங் துணியை எடுத்தார். அதிகாரியும் ஊர்க்காரர்களும் பார்த்திருக்க, நிமிர்ந்திருந்த தன் சனத்தைப் பார்த்து வாசித்தார்:

"வாக்ரி நகர்."