இடது இடுப்பில் ஒரு மிளகு

ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கென்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஓர் அறையில், எலும்பு ஸ்கேன் படத்தைப் பார்த்து ‘புற்று பரவியிருக்கு, பரவலை’ என்று சொல்கிற வாத்தியார் ஒருவர் இருந்தார். ஆசீர்வாதம் டாக்டர் என்று பேர்.

தினமும் ஏழரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. அன்றைக்கு வந்த பிலிம்களையெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப்போடுவார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டி, மூலையில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகுவார். நோயாளியின் பேர் மறைந்துவிடும்.

“முதல்ல படம். அப்புறம்தான் பேர்” என்பார்.

செண்பகவல்லி அவரிடம் பதினோரு வருஷம் வேலை கற்றவள். வந்த புதிதில் ஒருநாள் கேட்டாள்:

“பேர் தெரிஞ்சா என்ன சார் ஆயிடும்?”

“மந்திரி படம்னா நோயோட கறுப்பு நம்ம கண்ணுக்கு வெளுத்துப்போகும். கைதி படம்னா வெளுப்பு கறுத்துப்போகும்.”

ஓய்வு பெற்ற அன்று அட்டையை அவள் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து அவருக்கே வந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்று. எலும்புக்குப் போகவில்லை என்றால் அறுத்து எடுத்துவிடலாம். போயிருந்தால் கத்திக்கு அங்கே வேலையில்லை, ஊசி மருந்துதான். எது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

படத்துக்கான ஊசியைப் போட்டு, மூன்று மணி நேரம் தண்ணீராகக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

“நீங்களே ஒருதரம் பாருங்க சார்” என்றாள் வல்லி.

“என் படத்தை நான் பார்த்தா உருப்படுமா? மத்த பிலிமோட கலைச்சுப்போட்டு நீ பாரு. அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்.”

சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கலைக்கவில்லை. அட்டை இழுப்பறையிலேயே கிடந்தது. சாருடைய பிலிமை நேராக எடுத்து மாட்டினாள். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இடது இடுப்பெலும்பில் ஒரு கறுப்பு. மிளகளவுதான்.

அடிபட்ட எலும்பும் அப்படிக் கறுக்கும், புற்று ஏறிய எலும்பும் அப்படித்தான் கறுக்கும். அதனால் யாராக இருந்தாலும் கேட்பது வழக்கம். அவளும் போய்க் கேட்டாள்.

“சார், இடது இடுப்புல எப்பவாவது அடிபட்டுதா?”

“இல்லையே.”

“பாத்ரூம்ல வழுக்கிகிழுக்கி விழுந்தீங்களா?”

“இல்லம்மா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். எங்கேயாவது… ஒரே ஒரு தடவை…”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா. போன வருஷம் ஸ்கூட்டர்லேருந்து விழுந்தேன்.”

வல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ‘பழைய காயம். பரவல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே அறுவை நடந்தது.

பதினாலு மாசம் போயிற்று. முதுகு வலி தாங்கவில்லை என்று மறுபடி வந்தார்.

இந்தத் தடவை வல்லி கலைத்துப்போட்டாள். அட்டையைச் செருகினாள். ஐந்து படம் பார்த்தாள். ஆறாவதில் கை நின்றது. மண்டையோட்டிலிருந்து தொடை வரைக்கும் மிளகை வாரி இறைத்த மாதிரி இருந்தது. இடது இடுப்பில் இருந்தது மட்டும் மிளகில்லை, நெல்லிக்காய்.

அட்டையை எடுத்துப் பேர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்தாள்.

“என்ன டாக்டரம்மா, எத்தனை?”

“எண்ணலை சார்.”

“எண்ணத் தெரியாமலா பதினோரு வருஷம் என் உசிரை வாங்குனே?”

அவள் சிரிக்கவில்லை.

“அந்தப் பழைய இடந்தான் சார். அன்னைக்கே இருந்திருக்கு.”

“இருந்துது.”

“அப்பவே எழுதியிருந்தா உங்களை அறுத்திருக்க மாட்டாங்க. ஊசியை அன்னைக்கே ஆரம்பிச்சிருப்பாங்க.”

“ஆமா. அறுத்ததுக்கப்புறம் மூத்திரம் நிக்காம துணியைக் கட்டிக்கிட்டு ஒரு வருஷமா நான் அலைஞ்ச அலைச்சலும் இருந்திருக்காது.”

“நீங்கதானே சார் விழுந்தேன்னு சொன்னீங்க?”

“எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா, வல்லி?”

பதினோரு வருஷம். ஏழரை மணி பஸ். பஸ் ஓடாத ஒருநாள், அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறக்கூடப் பயந்து, ஆறு மைல் நடந்தே வீட்டுக்குப் போன மனிதர்.

“அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

குடையை ஊன்றி எழுந்தார்.

“மொதல் தடவை டாக்டரா கேட்டே. ரெண்டாந் தடவையும் டாக்டராத்தான் கேட்டே. மூணாந் தடவை கையேந்தி நின்னே. எங்கிட்ட இருந்ததைப் போட்டேன்.”

இடது காலை இழுத்து இழுத்து வைத்தபடி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து அவர் நடந்தார்.