மை படாத பொம்மை

"அந்த மெஷினை ஏன் என்கிட்ட கொடுக்கல?" என்று கேட்டார் அம்பலவாணன்.

எஸ்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கொடுத்திருந்தா?"

"ருக்சானாவைவிட நல்லா ஓட்டியிருப்பேன்."

"அதனாலதான் கொடுக்கல."

எஸ்தர் அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். அம்பலவாணன் அவருடைய மாணவர். வயதில் குருவைவிட மூத்தவர். பெரியவர்களுக்கு அறுவை செய்து பேரும் புகழுமாக இருந்தவர், நடுவயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து எஸ்தர் முன்னால் கை கட்டி நின்றார். உள்ளங்கை அகல நெஞ்சுக்குள் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

எஸ்தர் ஒருநாளும் அவரைப் பாராட்டியதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை.

ரோபோ வந்த பிறகுதான் எதிர்பார்க்க ஆரம்பித்தார்.

பெரியவர்களின் உடம்புக்கென்று செய்த ரோபோ அது. பச்சைக் குழந்தைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று, அதே அளவில் விலா எலும்புகளோடு செய்த பொம்மைகளை வைத்துச் சோதித்துச் சொல்லும் வேலை அந்த மருத்துவமனைக்கு வந்திருந்தது. அதை ஓட்ட எஸ்தர் தேர்ந்தெடுத்தது ருக்சானாவை. நேற்று வந்த டாக்டர் பெண்.

ஒருநாள் ருக்சானா ரோபோவின் கைகளால் பொம்மையின் நெஞ்சுக்குள் ஒரு தையல் போட்டாள். பின்னால் நின்ற எஸ்தர், "அழகு" என்றார்.

ஒரே ஒரு சொல். அம்பலவாணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே போய் நின்றார்.

"பொம்மைக்கு யார் வேணும்னாலும் தைக்கலாம் மேடம். பொம்மைக்கு வலிக்காதே."

"வலிக்குதான்னு நீங்க பாருங்க."

"புரியல."

"அவ ஓட்டட்டும். நீங்க சோதிங்க. ஆகும், ஆகாதுன்னு நீங்க எழுதுறதுதான் முடிவு."

அன்றிலிருந்து அம்பலவாணன் ருக்சானாவின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் எப்போது தவறுவாள் என்று பார்த்தார். அவள் தவறவில்லை. தையல் மேல் தையலாக, திரையில் எல்லாம் சுத்தமாக இருந்தது.

பார்த்துப் பார்த்து அவருக்கு ஒன்று பிடிபட்டது. கேமரா கருவியின் நுனியைத்தான் காட்டுகிறது. நுனிக்குப் பின்னால் இருக்கிற நீண்ட தண்டு எங்கே உரசுகிறது என்று யாருக்கும் தெரியாது.

அலுவலகத்திலிருந்து ரப்பர் ஸ்டாம்பு மையை வாங்கி வந்தார். கருவிகளின் தண்டு முழுக்கத் தடவினார். பொம்மையின் நெஞ்சுக்குள் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டினார்.

"இப்ப தை."

ருக்சானா தைத்தாள். திரையில் ஒரு குறையும் இல்லை.

அம்பலவாணன் பொம்மையின் நெஞ்சைப் பிரித்துக் காட்டினார். விலா எலும்புகள் நெடுக ஊதாத் திட்டுகள்.

ருக்சானாவின் முகம் வெளிறிப்போனது.

"எனக்குத் தெரியவே இல்ல சார்."

"தெரியாதும்மா. உள்ள இடம் அவ்வளவுதான், மெஷின் கை பெரிசு. நீ என்ன பண்ணுவ?"

குரல் ஆறுதலாகத்தான் வந்தது. உள்ளுக்குள் திருவிழா நடந்துகொண்டிருந்தது.

பொம்மையைத் தூக்கிக்கொண்டு எஸ்தரிடம் ஓடினார். எஸ்தர் ஒவ்வொரு திட்டாகப் பார்த்தார்.

"இந்த யோசனை எப்படி வந்துச்சு?"

"சும்மா தோணுச்சு."

"சும்மா தோணாது."

அம்பலவாணன் தரையைப் பார்த்தார். "அவ தோக்கணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தோணுச்சு."

எஸ்தர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, கையால் பிடித்துச் செய்கிற மெல்லிய கருவிகளை எடுத்தார். அதே மையைத் தடவி அவரிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க."

பொம்மையைச் சோதனை அறைக்குக் கொண்டுபோய், புதுப் பிளாஸ்திரி ஒட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, அம்பலவாணன் தைத்தார். அதே இடம், அதே தையல். திரையில் பிசிறில்லாமல் வந்தது. சிரித்துக்கொண்டே நெஞ்சைப் பிரித்தார்.

இடப்பக்கம், மூன்றாவது விலாவுக்குக் கீழே, ஒரு திட்டு.

ரோபோ விட்டதுபோலப் பல இல்லை. ஒன்றுதான். ஆனால் அழுத்தமாக, விரலால் வைத்தது மாதிரி இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். போகும்வரை துடைத்தார்.

எஸ்தர் உள்ளே வந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் படல மேடம்."

அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. எஸ்தர் பொம்மையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு ரோபோ இப்போதைக்கு ஆகாது என்று அம்பலவாணன் எழுதினார். கையால் செய்தால் எங்கும் உரசுவதில்லை என்றும் எழுதினார்.

ருக்சானா அதைப் படித்துவிட்டு அவரிடமே வந்தாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படி சார் படவேயில்ல? எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"அதெல்லாம் பழக்கம்" என்றார். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே ஒரு கைக்குழந்தை வந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசையில் ஓட்டை. குடல் மேலே ஏறி நுரையீரலை அழுத்திக்கொண்டிருந்தது. பால் குடித்தால் உதடு நீலமாகிவிடும். சிறு துளைகள் போட்டு, கருவி விட்டு, அந்த ஓட்டையைத் தைக்க வேண்டும்.

எஸ்தர் அந்த வேலையை அம்பலவாணனிடம் கொடுத்தார்.

குழந்தையின் தாய் முத்துச்செல்வி கேட்டாள். "மெஷின்ல பண்ணுவீங்களா சார், கையிலயா?"

"கையாலதாம்மா. மெஷின் எலும்புல இடிக்குது. என் கை இடிக்காது."

அவள் சட்டென்று அவருடைய வலது கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அறுவை அன்று அம்பலவாணன் குழாயடியில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். கண்களில் ஒற்றிய ஈரம் மட்டும் போகவில்லை.

பக்கத்துக் குழாயில் எஸ்தர் வந்து நின்றார்.

"மேடம், அந்தப் பொம்மையில மை இருந்துச்சு."

"ம்."

"நான் துடைச்சிட்டேன்."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வாசனை வந்துச்சு."

"தெரிஞ்சுமா இந்தக் குழந்தையை என்கிட்ட கொடுத்தீங்க?"

அப்போதுதான் அம்பலவாணன் பார்த்தார். எஸ்தரும் முழங்கை வரை நுரை போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். இன்று அவருக்கு வேறு அறுவை எதுவும் இல்லை.

"நான் சொல்லாம இருந்திருந்தா...?"

"நான் பண்ணியிருப்பேன்."

குழாயில் தண்ணீர் ஓடியது.

"எங்க பட்டுச்சு?" என்று கேட்டார் எஸ்தர்.

"இடது பக்கம். மூணாவது எலும்புக்குக் கீழ."

"ம்."

"எழுதினதை மாத்தணும் மேடம்."

"அது அப்புறம். வெளிய அந்தப் பொண்ணு உக்காந்திருக்கா."

அம்பலவாணன் ஈரக் கையோடு வெளியே போனார். அறுவை அறையின் வாசலில் முத்துச்செல்வி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேம்மா. பொம்மையில செஞ்சு பாத்தப்ப என் கையும் இடிச்சுது. ஒரு இடத்துல. அதை மறைச்சேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"மெஷின் நெறைய இடத்துல இடிச்சுது. அது நிஜம். ஆனா நான் இடிக்கவே மாட்டேன்னு சொன்னது பொய். நீ வேண்டாம்னா பெரிய டாக்டரே பண்ணுவாங்க. கையைக் கழுவிட்டுத் தயாரா நிக்கறாங்க."

முத்துச்செல்வி குழந்தையைப் பார்த்தாள். அதன் நெஞ்சு விடுவிடுவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்த இடம்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்மா."

அவள் எழுந்து குழந்தையை அவர் கைகளில் வைத்தாள்.

உள்ளே, மயக்க மருந்து கொடுத்து முடிந்திருந்தது. எஸ்தர் மேசையின் எதிர்ப்பக்கம் நின்றார். கேமரா பிடிக்க ருக்சானா நின்றிருந்தாள்.

மறுபடி கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு வந்த அம்பலவாணன் அவளிடம் சொன்னார்.

"அறிக்கையில நான் எழுதினது பொய். எனக்கும் பட்டுச்சு."

ருக்சானா விழித்தாள்.

"இடது பக்கம் எனக்குத் தெரியாம இடிக்கும். கேமராவை அப்பப்ப பின்னால இழுத்து அந்த எலும்பைப் பாரு. தண்டு நெருங்கினா உடனே சொல்லு."

அவள் தயங்கினாள்.

"சொன்னா கோபப்படுவீங்களா சார்?"

"படுவேன். நீ சொல்லு."

வேலை தொடங்கியது. குடலை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். ஓட்டையின் ஓரங்கள் தெரிந்தன. முதல் தையல் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கை தன் பழைய வழியில் ஓட ஆரம்பித்தது.

"சார்" என்றாள் ருக்சானா.

அம்பலவாணனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

கை நின்றது.