அரசாணிக்காயின் துடிப்பு

கையைச் சும்மா வைத்திருக்கக் கற்றுக்கொள்ள மருதாசலத்துக்கு ஒரு வருஷமாகியும் போதவில்லை.

அந்தக் கையைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்தெட்டு வருஷம் ஒரு மில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்த கை. இறுகிப்போன தோள்களையும் பிடித்துக்கொண்ட இடுப்புகளையும் அழுத்தி, முறுக்கி, இழுத்து வழிக்குக் கொண்டுவந்த கை. அதனிடம் போய் ஒன்றும் செய்யாதே என்றால் லேசில் கேட்குமா?

வடவள்ளியில் ஜெசிந்தா டீச்சர் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். கிரேனியோ சேக்ரல் என்று பெயர். படுத்திருப்பவரின் தலைக்கடியில் உள்ளங்கைகளை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு வெற்றிலையின் கனத்துக்கு மேல் அழுத்தம் கூடாது. மண்டையோட்டிலிருந்து முதுகுத்தண்டின் அடிவரைக்கும் ஏதோ ஒன்று மூச்சைப் போல விரிந்து ஒடுங்குகிறது, பொறுமையான கைக்கு அது கேட்கும் என்பது இந்த வித்தைக்காரர்களின் நம்பிக்கை.

டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது, மருதாசலத்துக்கு ஐம்பத்தாறு. இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை சார் என்பார்.

மருதாசலம் இதைப் படிக்க வந்தது தன் மனைவிக்காக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே பையன் தருண் பைக்கிலிருந்து விழுந்தான். தலையில் கட்டுடன் பத்து நாள் கிடந்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து வசந்தாமணிக்குத் தலையின் இடது பக்கம் பாரம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரைகள் வந்தன, போயின. தலையை மட்டும் அவள் யாரையும் தொட விடுவதில்லை. பூ வைத்துவிட வந்த தங்கச்சியைக்கூட விலக்கிவிட்டாள். ஊரார் வலியையெல்லாம் தீர்த்த புருஷன் கிட்டே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"படிச்சு முடிங்க. ஒரே ஒரு தடவை வெச்சுப் பாருங்க. அதுலயும் ஆகலீன்னா அப்புறம் என் தலைப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஒரு தடவையை நினைத்து நினைத்தே மருதாசலத்தின் கை அவசரப்பட்டது.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் கேட்டார்.

"நான் தயாராயிட்டனுங்களா டீச்சர்? நாளைக்கு வசந்தாமணியைக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

டீச்சர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"கண்ணை மூடிக்குங்க சார்."

அவர் மூடிக்கொண்டார். டீச்சர் மணிக்கட்டைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் மேஜையருகே உட்கார வைத்தார். வெதுவெதுப்பான துண்டு சுற்றிய உருண்டையான ஒன்றின்மேல் இரண்டு கைகளும் அமர்ந்தன.

"யாருன்னு கேக்காதீங்க. கைக்கு என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க."

ஐந்து நிமிஷம் போயிற்று.

"கெடைச்சிருச்சுங்க" என்றார் மருதாசலம். குரலில் பெருமை இருந்தது. "மெதுவா விரியுது. ஆனா இடது பக்கம் தயங்குதுங்க. வர்றதுக்கே பயப்படற மாதிரி."

"அப்புறம்?"

"பெரிய துக்கமுங்க டீச்சர். வெளிய சொல்லாம அமுக்கி வெச்ச துக்கம். பாவம், யாரு பெத்த புள்ளையோ."

டீச்சர் அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துவிட்டுத் துண்டை விலக்கினார். பிறகு சொன்னார்.

"கண்ணைத் தொறங்க."

மேஜையின்மேல் துண்டு விலகிக் கிடந்தது. நடுவில், வழுவழுவென்று, ஒரு அரசாணிக்காய், முழுப் பரங்கிக்காய்.

மருதாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வயசுல மூத்தவனுங்க நான். என்கிட்டயா வெளையாடறது?"

"வெளையாடலீங்க சார். நீங்க சொன்னதுல ஒண்ணுகூடப் பொய்யில்லை. துடிப்பும் நெசம், துக்கமும் நெசம். காய்க்குத்தான் அது சொந்தமில்லை."

அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்தார். ரத்தம் அங்கே தட்டிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாளும் அதைத்தான் அடுத்தவர் தலையில் கேட்டிருக்கிறார். கையில் இருப்பதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை.

"அப்ப எது என்னோடது, எது அவளோடதுன்னு எப்படிங்க பிரிக்கறது?"

டீச்சர் காயை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"தெனமும் இதும்மேல கை வெய்யுங்க. இது வெறும் காயா ஆகற அன்னிக்கு அக்காவைக் கூட்டிட்டு வாங்க. வேலை நடுவுல உங்களோடது கிளம்புச்சுன்னா கையை எடுத்துருங்க. அவ்வளவுதான்."

கௌரவத்தை விழுங்கிவிட்டு மருதாசலம் காயோடு பஸ் ஏறினார்.

தினமும் காலையில் சாப்பாட்டு மேஜையில் காயை வைத்து, அதன்மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். முதல் வாரம் வசந்தாமணி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் கேட்டாள்.

"அதைக் கொழம்பு வெக்கறதா, கும்பிடறதா?"

"இருக்கட்டும். அது இன்னும் பேசுது" என்றார் அவர்.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்து வாரம் அந்தக் காய் பேசியது. ஆறாவது வாரம் ஒரு காலையில் கை வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் குளிர்ச்சி, கொஞ்சம் வழுவழுப்பு. காய் காயாக இருந்தது.

"இன்னிக்கு நறுக்கிரு" என்றார் மருதாசலம்.

அன்று மத்தியானம் அரசாணிக்காய்ப் பொரியல். பரிமாறும்போது வசந்தாமணியே சொன்னாள், "ஞாயித்துக்கெழமை போலாம்."

ஞாயிறு காலை பத்து மணி. டீச்சர் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வசந்தாமணி கொண்டை ஊசிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். உடம்பெல்லாம் விறைத்திருந்தது. மருதாசலம் தலைமாட்டில் அமர்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் அவள் தலைக்கடியில் நுழைத்தார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தலையின் கனம். ஆனாலும் கை அடங்கியே இருந்தது. பழகிய கை.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, மெதுவாக, ஏதோ விரிந்தது. ஒடுங்கியது. மறுபடி விரிந்தது. இடது பக்கம் தயங்கியது.

இதே தயக்கம்தான். காயிலும் இதுதான் வந்தது. அப்படியானால் இது யாருடையது? டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை நடுங்கத் தொடங்கியது. டீச்சர் சொன்ன விதி தெரிந்ததுதானே. மருதாசலம் கைகளை மெல்ல உருவி மடியில் வைத்துக்கொண்டார். கிடைத்த ஒரு தடவையும் போயிற்று.

"ஏன் எடுத்துட்டீங்க?" என்றாள் வசந்தாமணி. கண் மூடியேதான் இருந்தது.

"என் கை நடுங்குது வசந்தா. என்னோடதைக் கொண்டுபோய் உன் தலையில எறக்கக் கூடாது."

"நடுங்குச்சுன்னு எனக்கும் தெரிஞ்சுது."

படுத்தபடியே அவள் தொடர்ந்தாள்.

"அந்தப் பத்து நாளும் டாக்டருங்ககிட்ட நின்னு ரிப்போர்ட்டே பேசுனீங்க. காரியம் முடிஞ்ச மூணாம் நாள் வேலைக்குப் போயிட்டீங்க. நீங்க ஒரு சொட்டு அழுது நான் பாக்கலை. அவனுக்காக நடுங்கறது இந்த வீட்டுல நான் ஒருத்தி மட்டுந்தான்னு நெனச்சிருந்தனுங்க."



அவள் கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அவர் கைகளைப் பிடித்து இழுத்து, தன் தலையின் இரு பக்கமும் வைத்துக்கொண்டாள்.

"நடுங்குனா நடுங்கட்டும். இருங்க."

மருதாசலம் இருந்தார். வெற்றிலைக் கனம் பார்க்கவில்லை. எது யாருடையது என்று தேடவும் இல்லை. அவர் கண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கடைசியில் அவளுக்கும் உடம்பு குலுங்கியது. டீச்சர் எழுந்து ஓசைப்படாமல் வெளியே போய்விட்டார்.

டீச்சர் திரும்பி வந்தபோது வசந்தாமணி உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாரம் எப்படியிருக்குதுங்க அக்கா?"

"இருக்குதுங்க" என்றாள் அவள். ஊசியைப் புருஷனிடம் நீட்டி, "பின்னாடி எட்டலை, நீங்களே குத்தி விடுங்க" என்றாள்.

அவர் குத்திவிட்டார். அவள் செருப்பு மாட்ட வாசலுக்குப் போனாள்.

மருதாசலம் தயங்கி நின்றார். ஒரு வருஷம் படித்த படிப்பு அவரை விடுமா?

"டீச்சர், நான் விதியை மீறிட்டனுங்க. இன்னிக்குக் கையில கேட்டது அவளோடதா, என்னோடதான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியலை. பிரிக்கவே முடியலீங்க. நீங்களாவது சொல்லுங்க, அது யாரோடது?"

ஜெசிந்தா டீச்சர் மேஜை விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தருண் யாரோட பையனுங்க சார்?"